டெலோஸ் தீவின் முட்டைகளும் ஸ்டோயிக்குகளின் அறிவும்

கி.மு. 45 சிசரோவுக்கு மோசமான ஆண்டு. பிப்ரவரியில் மகள் துல்லியா இறந்துபோனாள். சீசர் ஆளும் ரோமில் அவருக்கு அரசியல் வேலை என்று ஒன்றும் மிச்சமில்லை. அந்தத் துக்கத்தோடு உட்கார்ந்து கிரேக்கத் தத்துவத்தை லத்தீனில் எழுதித் தள்ளினார். அப்படி எழுதியவற்றில் ஒன்று ‘அகாடமிகா’. முதலில் இரண்டு பாகமாக எழுதினார், அப்புறம் திருப்தி வராமல் நான்கு பாகமாக மாற்றி எழுதினார். நமக்குக் கிடைத்திருப்பது முதல் வடிவத்தின் இரண்டாம் பாகமும், மாற்றிய வடிவத்தின் முதல் பாகத்தில் ஒரு பகுதியும்தான். அந்த இரண்டாம் பாகத்துக்கு ‘லுகுல்லஸ்’ என்று பெயர். நேப்பிள்ஸ் பக்கம் கடற்கரையில் ஹார்டென்சியஸ் என்ற பிரமுகரின் மாளிகையில் நாலு பேர் உட்கார்ந்து, எதையாவது நிச்சயமாக அறிய முடியுமா என்று பேசுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

தத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த புத்தகங்களில் இது ஒன்று. பிளேட்டோவின் உரையாடல்களில் இருக்கும் நாடகம் இதில் இல்லை. ஆனால் இருநூறு ஆண்டுக்கு மேல் ஏதென்ஸில் நடந்த ஒரு சண்டையின் வாதங்கள் வரிசையாக இதில் இருக்கின்றன. ஒரு பக்கம் ஸ்டோயிக்குகள், மறுபக்கம் பிளேட்டோ நிறுவிய அகாடமியின் பிற்கால ஆட்கள். ‘அறிய முடியும்’ என்கிறது முதல் கட்சி. ‘நீ சொல்லும் நிபந்தனைகளின்படி முடியாது’ என்கிறது இரண்டாவது.

இந்தச் சண்டையை இருபதாம் நூற்றாண்டின் மனத் தத்துவத்தோடு சேர்த்து வைத்துப் படிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நானும் அப்படித்தான் படிக்கிறேன். அப்படிப் படிக்கும்போது சில இடங்கள் பளிச்சென்று துலங்குகின்றன. வேறு சில இடங்களில் பக்கத்தில் எழுதியிருப்பதே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஸ்டோயிக்குகள் விஷயத்தில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் நடக்கின்றன. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் அவர்கள் சொன்னது என்ன என்று பார்த்துவிடலாம். ஸ்டோயிக் மரபைத் தொடங்கியவர் சைப்ரஸ் தீவின் கிடியம் ஊரிலிருந்து வந்த ஜீனோ. கி.மு. 300ஐ ஒட்டி ஏதென்ஸின் சித்திரத் தாழ்வாரத்தில் நின்று பாடம் சொன்னவர். அவர் கையை வைத்து ஒரு விளக்கம் தருவாராம். சிசரோதான் அதைச் சொல்கிறார். வலது கையை நீட்டி விரல்களை விரிப்பார்: இது பதிவு. விரல்களைக் கொஞ்சம் மடக்குவார்: இது இசைவு. முழுக்க மடக்கி முஷ்டியாக்குவார்: இது பிடிப்பு. அப்புறம் இடது கையைக் கொண்டுவந்து அந்த முஷ்டியை இறுகப் பற்றிக்கொள்வார்: இதுதான் அறிவு, இது ஞானி ஒருவருக்கே உரியது.

ஒரு தடவை கையால் செய்து பாருங்கள். விரிந்த கைக்கும் மடங்கத் தொடங்கும் கைக்கும் நடுவில்தான் ஸ்டோயிக்குகளின் முக்கியமான கருத்து இருக்கிறது. பதிவு என்பது எனக்கு நேர்வது. கண்ணைத் திறந்தால் எதிரே இருப்பது பதிகிறது, அதில் என் தேர்வு இல்லை. ‘ஆமாம், அப்படித்தான்’ என்று இசைவது நான் செய்வது. இசையாமலும் இருக்கலாம். முஷ்டிக்கும் இடது கைக்கும் உள்ள வேறுபாடும் முக்கியம். சாதாரண மனிதர்களும் பலவற்றைச் சரியாகவே பிடிக்கிறார்கள். ஆனால் யாராவது சாமர்த்தியமாக வாதம் செய்தால் அந்தப் பிடி நழுவிவிடும். ஞானியின் பிடியை எந்த வாதத்தாலும் நழுவவைக்க முடியாது.

சரி, எப்படிப்பட்ட பதிவுக்கு இசையலாம்? ஜீனோ இரண்டு நிபந்தனை சொன்னார். அது இருக்கிற ஒன்றிலிருந்து வர வேண்டும். அந்தப் பொருள் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிந்திருக்க வேண்டும். அகாடமியின் தலைவரான ஆர்கெசிலாஸ் இங்கேதான் உள்ளே வருகிறார். உண்மையான பதிவைப் போலவே, இம்மியும் பிசகாமல் அதே மாதிரி, பொய்யான ஒன்று வந்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டிருப்பார் என்கிறார் சிசரோ. கேள்வியின் கூர்மையை ஜீனோ உடனே புரிந்துகொண்டு மூன்றாவது நிபந்தனையைச் சேர்த்தாராம்: இல்லாத ஒன்றிலிருந்து வரவே முடியாத மாதிரியான பதிவாக அது இருக்க வேண்டும். அப்படி ஒரு பதிவு கிடையாது என்று காட்டுவதே அதற்குப் பின் வந்த அகாடமிக்காரர்களின் வேலை. இருநூறு ஆண்டுச் சண்டையும் இந்த மூன்றாவது நிபந்தனையைச் சுற்றித்தான் நடந்தது.

இதை ஓர் அரசர் சோதனையே செய்து பார்த்திருக்கிறார். ஜீனோவிடமும் அவருக்குப் பின் வந்த கிளியாந்தஸிடமும் படித்த ஸ்ஃபேரஸ் என்பவர் அலெக்சாந்திரியாவில் தாலமி ஃபிலோபேட்டரின் அவையில் இருந்தார். ஞானி ஒருபோதும் வெறும் அபிப்பிராயம் கொள்ள மாட்டான் என்பது ஸ்டோயிக் கொள்கை. அரசர் மெழுகில் மாதுளம்பழங்களைச் செய்து கொண்டுவரச் சொன்னார். ஸ்ஃபேரஸ் ஏமாந்தார். பொய்ப் பதிவுக்கு இசைந்துவிட்டாய் என்று அரசர் கூவினார். அதற்கு ஸ்ஃபேரஸ், ‘இவை மாதுளம்பழங்கள் என்பதற்கு நான் இசையவில்லை, இவை மாதுளம்பழங்கள் என்று நினைப்பது நியாயமே என்பதற்குத்தான் இசைந்தேன்’ என்று பதில் சொன்னார். கிரேக்கத் தத்துவக்காரர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜினஸ் லேர்ட்டியஸ் சொல்லும் கதை இது. ஸ்ஃபேரஸ் சமாளித்தார் என்றுதான் எல்லோரும் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதிவு ஒன்று, எந்த வாக்கியத்துக்கு இசைகிறோம் என்பது இன்னொன்று என்று அவர் பிரித்ததில் உண்மையான கவனம் இருக்கிறது. அரசவையில் அரசர் பரிமாறும் தட்டில் இருப்பது பழம் என்று நினைப்பது நியாயம்தான். அது பழமே என்பதற்கு இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்று பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். உண்மையான, நியாயமான காரணத்தோடு கூடிய நம்பிக்கைதான் அறிவு என்ற வரையறை போதாது என்று இரண்டு உதாரணங்களால் காட்டினார். நம்பிக்கை உண்மையாக இருக்கிறது, காரணமும் நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையானது தற்செயலாக. (இந்த வரையறையை ‘பிளேட்டோவின் வரையறை’ என்று இணையத்தில் பல இடங்களில் எழுதுகிறார்கள். ‘தியேடீட்டஸ்’ உரையாடலின் கடைசியில் பிளேட்டோ அதை ஒத்த ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்கிறார், போதாது என்று ஒதுக்கியும் விடுகிறார். நவீனக் கேள்வி ஒன்று பழைய நூலுக்குள் பின்னோக்கிப் போய் உட்கார்ந்துகொள்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.)

கெட்டியருக்குப் பிறகு பலர், அறிவு எனக்குள்ளே நான் எட்டிப் பார்க்கக்கூடிய காரணங்களில் இல்லை, எனக்கும் உலகத்துக்கும் உள்ள உறவில்தான் இருக்கிறது என்றார்கள். சரியான வழியில் அந்த நம்பிக்கை எனக்குள் உருவாகியிருந்தால் போதும். அது சரியான வழி என்று எனக்கே தெரிய வேண்டியதில்லை. இதைப் புறவாதம் என்பார்கள். 1983இல் மைக்கேல் ஃப்ரேட என்ற கிரேக்கத் தத்துவ அறிஞர் ஸ்டோயிக்குகளை இந்தத் திசையில் படித்துக் காட்டினார். பிடிப்புள்ள பதிவுக்கு ஒரு காரணகாரியத் தன்மை இருக்கிறது, அது மனத்தின் மேல் தனி விதமாக வேலை செய்கிறது. அதைப் பெறுகிறவர் உள்ளே திரும்பிப் பார்த்து ‘இது அந்த வகைப் பதிவு’ என்று அடையாளம் காண வேண்டியதில்லை என்பது அவர் வாசிப்பு.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரியது. அதுவரை ஸ்டோயிக்குகளின் நிலை குழந்தைத்தனமாகத் தோன்றும்: உண்மையான பதிவின் நெற்றியில் ‘உண்மை’ என்று எழுதி ஒட்டியிருக்குமா என்ன? ஃப்ரேடயின் வாசிப்பில் அந்தக் கேலிக்கு இடமில்லை. நெற்றியில் எதுவும் எழுதியிருக்க வேண்டாம், வந்த வழி சரியாக இருந்தால் போதும். மெழுகுப் பழத்தின் பதிவும் மாதுளம்பழத்தின் பதிவும் எனக்கு ஒரே மாதிரி தோன்றினாலும் அவை இரண்டும் வேறு வேறு நிலைகளாகவே இருக்கலாம். 1980களில் ஜான் மெக்டவல் முதலானோர் புலனறிவைப் பற்றிச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: நிஜமாகப் பார்ப்பதற்கும் பார்ப்பதுபோல் தோன்றுவதற்கும் பொதுவான ஒரே உள் அனுபவம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. ஸ்டோயிக்குகள் முழுப் புறவாதிகள் என்றால், பிரித்துச் சொல்ல முடியாதவற்றுக்கு உதாரணமாக அகாடமிக்காரர்கள் இரட்டையர்களையும் முட்டைகளையும் காட்டியபோது, ‘ஒரே மாதிரி தோன்றினால் தோன்றட்டும், அதனால் என்ன?’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அவர்கள் அப்படி முடிக்கவில்லை. ஒவ்வொரு உதாரணத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டும் ஒரே மாதிரி இல்லை, பழகினால் வேறுபாடு தெரியும் என்று மல்லுக்கு நின்றார்கள். உலகத்தில் எந்த இரண்டு பொருளும் முழுக்க முழுக்க ஒன்றுபோல் இருக்க முடியாது, ஒரு தலைமுடியும் இன்னொரு தலைமுடியும்கூட வேறு என்பதையே கொள்கையாக வைத்திருந்தார்கள். வேறுபாடு எட்டிப் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு அக்கறை இருந்தது.

அதனால் ஃப்ரேடயைவிட எனக்கு இங்கே பக்கபலமாகத் தெரிபவர் ஆல்வின் கோல்ட்மன். அவரும் புறவாதிதான். 1976இல் அவர் எழுதிய கட்டுரையில் ஹென்றி என்ற ஒருவர் மகனோடு கிராமப்புறத்தில் காரில் போகிறார். வெளியே தெரிவதை எல்லாம் காட்டிப் பெயர் சொல்கிறார். ‘அதோ பார், களஞ்சியம்.’ அது நிஜமான களஞ்சியம்தான். ஆனால் அந்தப் பகுதி முழுக்க, சாலையிலிருந்து பார்த்தால் களஞ்சியம்போல் தெரியும் வெறும் முகப்புகளை நட்டுவைத்திருக்கிறார்கள். ஹென்றிக்கு அது தெரியாது. அவருக்கு அது களஞ்சியம் என்று ‘தெரியும்’ என்று சொல்லலாமா? கூடாது என்கிறார் கோல்ட்மன். சரியான பொருளிலிருந்து சரியான வழியில் வந்தாலும், போலியிலிருந்து பிரித்துச் சொல்லும் திறன் ஹென்றியிடம் இல்லை. அதே கட்டுரையில் இன்னோர் உதாரணம்: தெருவுக்கு எதிரே ஜூடி நிற்கிறாள். அவளுக்கு ட்ரூடி என்று ஓர் இரட்டைச் சகோதரி இருக்கிறாள். பார்ப்பவருக்கு இருவரையும் பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால், ‘அது ஜூடி’ என்று சரியாகச் சொன்னாலும் அவர் அறிந்தவர் ஆகமாட்டார்.

‘லுகுல்லஸ்’ நூலிலும் இரட்டையர் இருக்கிறார்கள். செர்விலியஸ் சகோதரர்கள். பப்ளியஸைப் பார்ப்பவன் குவின்டஸைப் பார்ப்பதாக நினைத்தால் என்ன செய்வது என்பது அகாடமியின் கேள்வி. ஸ்டோயிக் பக்கம் பேசும் லுகுல்லஸ் தரும் பதில் எனக்கு மறக்க முடியாதது. அவர்களுடைய வீட்டில் யாரும் குழம்பவில்லையே என்கிறார். இரட்டையரை அவர்களுடைய தாய் பிரித்து அறிவது கண்ணின் பழக்கத்தால். நீயும் பழகினால் உனக்கும் தெரியும்.

என் சித்திக்கு இரட்டைப் பையன்கள். பள்ளி விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குப் போனால் முதல் இரண்டு நாள் யார் யாரென்று எனக்குப் பிடிபடாது. சித்தி சமையலறையிலிருந்து முதுகைப் பார்த்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ‘எப்படி சித்தி தெரியுது?’ என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. ‘பாத்தா தெரியலையா?’ என்பார். விடுமுறை முடிகிற நேரத்தில் எனக்கும் தெரிந்துவிடும், எனக்கும் காரணம் சொல்லத் தெரியாது. புறவாதி இதைப் பார்த்து, சித்தியின் கண்ணில் நம்பகமான ஒரு வழிமுறை ஓடுகிறது, காரணம் சொல்லத் தேவையில்லை என்பார். சரிதான். ஆனால் ஸ்டோயிக் இன்னொன்றும் சொல்வார்: அந்த வழிமுறை வளர்ந்தது, உன்னிடமும் வளர்ந்தது, அதனால் பதிவே மாறிவிட்டது. முதல் நாள் உனக்குப் பதிந்ததும் கடைசி நாள் பதிந்ததும் ஒன்றல்ல.

இதற்கு அவர்களிடம் நேரடி ஆதாரம் இருக்கிறது. பதிவுகளில் தேர்ச்சியுள்ளவை, தேர்ச்சியில்லாதவை என்று அவர்கள் வகை பிரித்தார்கள். ஒரு சிலை, பயின்ற கண்ணுக்கு ஒரு மாதிரி தெரியும், பயிலாத கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும். நிழலிலும் மேட்டிலும் ஓவியர்கள் எத்தனையோ பார்க்கிறார்கள், நாம் பார்ப்பதில்லை என்கிறார் லுகுல்லஸ். இசையில் நம் காதில் விழாதவற்றைத் தேர்ந்தவர்கள் கேட்கிறார்கள். அறிவு கூடுவது பதிவுக்குப் பிறகு நடக்கும் யோசனையில் மட்டுமில்லை, பதிவே செறிவாகிறது.

அப்புறம் முட்டை. ஒரு முட்டை இன்னொரு முட்டையைப்போல் இருக்கும் என்பது அன்றைக்கே பழமொழி. அகாடமிக்காரர்களுக்கு அது வசதியான உதாரணம். லுகுல்லஸ் டெலோஸ் தீவுக்காரர்களைக் கொண்டுவருகிறார். அந்தத் தீவு வளமாக இருந்த காலத்தில் அங்கே பலர் வியாபாரத்துக்காக ஏராளமாகக் கோழி வளர்த்தார்கள். ஒரு முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் எந்தக் கோழி இட்டது என்று சொல்லிவிடுவார்களாம்.

இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நவீன அறிவாய்வியலின் கோழிக்குஞ்சுகள் நினைவுக்கு வரும். பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சு சேவலா பெட்டையா என்று பார்த்தால் தெரியாது. முட்டைக்காகக் கோழி வளர்ப்பவர்களுக்கு அன்றைக்கே தெரிந்தாக வேண்டும். 1920களில் ஜப்பானில் இதற்கு ஒரு முறை கண்டுபிடித்தார்கள். குஞ்சின் எச்சத்துளையை லேசாகப் பிதுக்கி, உள்ளே இருக்கும் மிகச் சிறிய மேட்டைப் பார்ப்பது. தேர்ந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சு வரை பிரித்துவிடுவார்கள். இவர்களைத் தத்துவக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எப்படிப் பிரிக்கிறோம் என்றே தெரியாமல், தப்பில்லாமல் பிரிக்கும் ஆள்தான் புறவாதிக்குக் கச்சிதமான உதாரணம். இன்னும் ஒரு படி போய், கண்ணால் பார்த்துப் பிரிப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள், உண்மையில் மூக்கால் மோந்து பிரிக்கிறார்கள் என்று ஒரு கதையும் கட்டுரைகளில் உலவியது. அது கதைதான். அவர்கள் கண்ணால்தான் பார்க்கிறார்கள். 1987இல் பீடர்மன், ஷிஃப்ரார் என்ற இரண்டு உளவியலாளர்கள் நீண்ட அனுபவமுள்ள ஒருவரிடம் கேட்டு, எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், அங்கே என்ன வடிவம் இருந்தால் சேவல் என்று ஒரே தாளில் குறிப்பு எழுதினார்கள். அதைப் படித்த புதியவர்கள், படங்களைப் பிரித்துச் சொல்வதில் தற்செயலைவிடச் சற்றே மேலாக இருந்த நிலையிலிருந்து தேர்ந்தவர்களோடு ஒப்பிடும் அளவுக்கு உயர்ந்துவிட்டார்கள்.

இதில் ஸ்டோயிக்குகள் ஜெயித்ததாகவே எனக்குப் படுகிறது. வேறுபாடு பொருளில் இருக்கிறது, பார்ப்பவரின் பதிவில் அது வந்து சேர்கிறது, எங்கே பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தால் பயிலாதவரின் கண்ணிலும் வந்து சேரும். புறவாதி சொன்ன மர்மத் திறன் அங்கே இல்லை. எதிர்த்தரப்பான அகவாதி கேட்ட, உள்ளே திரும்பிப் பார்த்தால் தென்படும் முத்திரையும் இல்லை. இருப்பது பயிற்சி. அறிவு அகத்திலா புறத்திலா என்று கேட்டுக்கொண்டிருந்தால் பயிற்சி கண்ணில் படாது. இந்தக் கேள்வியோடு உள்ளே போகும் நவீன வாசகர், டெலோஸ் முட்டையை ஒரு வேடிக்கைத் துணுக்காகத் தாண்டிப் போய்விடுவார். நான் பார்த்த பல ஆய்வுரைகளில் அது அப்படித்தான் தாண்டப்பட்டிருக்கிறது. எனக்கோ அதுதான் இந்த நூலின் நடுமையம்.

நவீனக் கண்ணாடி மறைக்கும் வேறு இடங்களையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அரிஸ்டாட்டில் ‘ஆன்மாவைப் பற்றி’ நூலில், மோதிர முத்திரையின் வடிவத்தை இரும்போ பொன்னோ இல்லாமல் மெழுகு வாங்கிக்கொள்வதுபோல், புலன் பொருளின் உருவத்தை அதன் பருப்பொருள் இல்லாமல் வாங்கிக்கொள்கிறது என்கிறார். 1970களில் ஹிலரி புட்னமும் மார்த்தா நுஸ்பாமும் இதில் செயல்பாட்டுவாதத்தைப் பார்த்தார்கள். மனம் எதனால் ஆனது என்பது முக்கியமில்லை, என்ன வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம் என்னும் கொள்கை அது. ஒரே நிரலைப் பல விதக் கணினிகளில் ஓட்டலாம் என்ற காலத்துக்குப் பொருத்தமான அரிஸ்டாட்டில். மைல்ஸ் பர்ன்யெட் இதைக் கடுமையாக மறுத்தார். பல ஆண்டுகள் தட்டச்சுப் பிரதியாகச் சுற்றி 1992இல் அச்சான கட்டுரை அது. அரிஸ்டாட்டிலின் உயிருள்ள உடல் நம் இயற்பியலின் உடல் அல்ல, உணரும் ஆற்றல் அதன் இயல்பிலேயே இருக்கிறது; நமக்கு அந்தப் பருப்பொருள் இல்லாததால் அந்த மனக்கொள்கையும் நமக்கு ஆகாது, பதினேழாம் நூற்றாண்டு செய்ததுபோலத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார். ரிச்சர்ட் சொராப்ஜியோ, கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நிஜமாகவே நிறம் ஏறுகிறது என்றுதான் அரிஸ்டாட்டில் நினைத்தார் என்றார். பர்ன்யெட்டின் முடிவு எனக்கு உவப்பில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வியைத் தவிர்க்க முடியாது: நமக்குப் பிடித்த கொள்கை ஒரு பழைய நூலில் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், அந்த நூல் எந்த உலகத்தைப் பற்றிப் பேசியது என்பதை விட்டுவிடுகிறோமா?

சிரீனேக்காரர்கள் இன்னொரு கண்ணி. இன்றைய லிபியாவில் இருந்த கிரேக்க நகரம் சிரீனே. எனக்கு நேரும் பாதிப்பு மட்டும்தான் எனக்குத் தெரியும், அதை உண்டாக்கிய பொருள் எப்படிப்பட்டது என்று தெரியாது என்றார்கள் அந்த மரபினர். ‘நான் வெண்மையாக்கப்படுகிறேன்’, ‘நான் இனிப்பாக்கப்படுகிறேன்’ என்று அவர்கள் பேசியதாகப் பிற்கால ஐயவாதி செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் எழுதுகிறார். இதைப் பார்த்ததும், வௌவாலாக இருப்பது எப்படியிருக்கும் என்று 1974இல் தாமஸ் நாகல் கேட்டதையும், அனுபவத்தின் தன்னுணர்வுத் தன்மை பற்றிய இன்றைய விவாதங்களையும் உடனே பொருத்தத் தோன்றும். ஆனால் சிரீனேக்காரர்கள் தங்கள் மனத்திரையில் ஓடும் வெண்மையைப் பற்றிப் பேசவில்லை. பாதிக்கப்படுகிற ஓர் உடம்பைப் பற்றிப் பேசினார்கள். 1982இல் பர்ன்யெட் எழுதிய வேறொரு கட்டுரையின் வாதம் இங்கே உதவும். கிரேக்கர்களில் எவ்வளவு கடுமையான ஐயவாதியும் ‘வெளியுலகமே இல்லையென்றால்?’ என்று கேட்கவில்லை, தன் உடம்பையே வெளியுலகத்தில் ஒரு பொருளாக வைத்துச் சந்தேகப்படவில்லை. அந்தக் கேள்வி டெகார்ட்டோடு, அவருடைய 1641 தியானங்களோடு வருகிறது என்றார். இதை மறுப்பவர்களும் உண்டு. ஸ்டோயிக் அகாடமிச் சண்டையைப் பொறுத்தவரை பர்ன்யெட் சொன்னது எனக்குப் பொருத்தமாகவே தெரிகிறது. கனவையும் பித்தையும் அகாடமிக்காரர்கள் தாராளமாக எடுத்துக்காட்டினார்கள். எல்லாமே கனவாக இருக்கலாம் என்று சொல்வதற்கு எடுத்துக்காட்டவில்லை. இந்தப் பதிவுக்கு இப்போது இசையலாமா என்பதுதான் அவர்கள் கேள்வி.

நமக்குப் பழக்கமான கயிற்றரவு கார்னியாடஸிடமும் இருக்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அகாடமியின் தலைவராக இருந்தவர், கி.மு. 155இல் ஏதென்ஸின் தூதராக ரோமுக்குப் போனவர். வேதாந்தத்தில் கயிறு பாம்பாகத் தோன்றுவது உலகத் தோற்றத்தையே விளக்கும் உவமை. கார்னியாடஸிடம் அது ஓர் இருட்டறையில் ஒரு மனிதன் அடுத்தடுத்து என்ன செய்கிறான் என்பது. சுருண்டு கிடப்பதைப் பாம்பென்று நினைத்துத் தாண்டிக் குதிக்கிறான். திரும்பிப் பார்க்கிறான், அது அசையவில்லை. கயிறாக இருக்குமோ என்று எண்ணுகிறான். ஆனால் குளிர்காலத்தில் பாம்பும் விறைத்து அசையாமல் கிடக்கும் என்பது ஞாபகம் வருகிறது. ஒரு குச்சியை எடுத்துக் குத்திப் பார்க்கிறான். அதன்பிறகுதான் கயிறென்று ஏற்றுக்கொள்கிறான். ஐயவாதியின் மனிதன் இவ்வளவு கவனமானவன். உண்மை இதுவே என்று அவன் சத்தியம் செய்ய மாட்டான், ஆனால் சோதிக்காமல் நகரவும் மாட்டான்.

சிரீனேக்காரர்கள் பேசிய அந்த உடம்பு ஸ்டோயிக் பக்கம் இன்னும் தீவிரமானது. மனம் என்பது சூடான மூச்சுபோன்ற ஒரு நுண்பொருள் என்றார்கள். கிளியாந்தஸ், பதிவு என்றால் மெழுகில் மோதிரம் பதிவதுபோல் மேடும் பள்ளமுமாக விழுவது என்று நேரடியாகவே எடுத்துக்கொண்டார். அவருக்கு அடுத்து வந்த கிரிசிப்பஸ் இதை ஏற்கவில்லை. ஒரே நேரத்தில் முக்கோணத்தையும் சதுரத்தையும் நினைத்தால் ஒரே மெழுகில் இரண்டு வடிவமும் எப்படி நிற்கும்? புதிதாக விழுவது பழையதை அழித்துவிட்டால் நினைவு எப்படி இருக்கும்? பலர் ஒரே சமயத்தில் பேசும்போது காற்று அத்தனை குரலின் அதிர்வுகளையும் தாங்குவதுபோல், பதிவு என்பது மனத்தின் மாறுதல் என்றார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஒருவர், மூளைக்குள் படம் இருக்கிறது என்ற கொள்கையின் குறையை இவ்வளவு துல்லியமாகக் கண்டு, அலைகளின் பக்கம் நகர்ந்திருக்கிறார். இன்றைய நரம்பியலை அவர் முன்கூட்டியே கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படத்தை உட்கார்ந்து பார்க்கும் ஒரு குட்டி மனிதன் அவருடைய மனத்துக்குள் இல்லை. அதனால்தான் பயிற்சி பதிவையே மாற்றும் என்று அவர்களால் சிரமமில்லாமல் சொல்ல முடிந்தது. பயின்ற மனம் வேறு இழுவிசை கொண்ட ஒரு பொருள். அதே முட்டை அதில் வேறு விதமாகவே அதிரும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆர்கெசிலாஸின் கேள்வி பாக்கியிருக்கிறது. டெலோஸ்காரர் தன் கோழிகளின் முட்டையைப் பிரிப்பார். பக்கத்துத் தீவிலிருந்து வந்த முட்டையை யாராவது கூடையில் கலந்து வைத்தால்? என் பயிற்சி இந்த நிலைமைக்குப் போதுமா என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஹென்றியின் சிக்கலும் அதேதான். போலி முகப்புகள் நிறைந்த பகுதிக்குள் கார் நுழைந்தது அவருக்குத் தெரியாது. கோல்ட்மன் அவரை அறியாதவர் என்கிறார், ஆனால் குற்றம் சொல்வதில்லை. ஹென்றி அதிர்ஷ்டம் கெட்டவர், அவ்வளவுதான். ஸ்டோயிக்குகள் அதோடு விட மாட்டார்கள். பொய்யாகவும் இருக்கக்கூடிய பதிவுக்கு இசைவது அவர்களுக்குத் தவறு, குணத்திலேயே ஒரு குறை. எப்போது இசைய வேண்டும், எப்போது கூடாது என்று அறிந்து அவசரப்படாமல் இருப்பதை அவர்கள் நற்குணங்களின் பட்டியலில் வைத்தார்கள், தர்க்கப் பயிற்சியின் பலனாகவே கருதினார்கள். நவீன அறிவாய்வியலிலும் அறிவு சார்ந்த நற்குணங்களைப் பற்றிப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு இது இல்லாமல் அறிவைப் பற்றிய எந்தக் கொள்கையும் பாதிதான்.

கிரிசிப்பஸ் இதை நடைமுறையாகவே சொன்னார். இத்தனை தானியம் குவியலா, ஒன்று கூட்டினால் குவியலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும் வாதத்தை எதிர்கொள்ளும்போது, தெளிவில்லாத இடம் வருவதற்குச் சற்று முன்பே பதில் சொல்வதை நிறுத்திப் பேசாமல் இருந்துவிட வேண்டும் என்பது அவர் யோசனை. கார்னியாடஸ் விடவில்லை. என்னைப் பொறுத்தவரை நீ பேசாமல் மட்டுமில்லை, குறட்டை விட்டுக்கூடத் தூங்கு, ஆனால் ஒருவன் வந்து எழுப்பி அதே கேள்வியைத் திரும்பக் கேட்பானே என்றார். அதற்கு ஸ்டோயிக் பதிலாக சிசரோ எழுதுவது: கெட்டிக்காரத் தேரோட்டிபோல், முடிவிடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே குதிரைகளை இழுத்துப் பிடிப்பேன். கார்னியாடஸ் பக்கம் நிற்கும் சிசரோவுக்கு இது பதிலாகத் தெரியவில்லை. தெளிவான இடத்திலேயே நிறுத்திவிட்டால் தெளிவானதற்கே பதில் சொல்லவில்லை என்றாகிவிடும் என்று அவர் மடக்குகிறார். நல்ல மடக்கல்தான். ஆனாலும் நான் தேரோட்டி பக்கம். எந்த இடத்தில் பாதை மங்கத் தொடங்குகிறது என்பதை மங்குவதற்கு முன்பே உணர்வதும், முட்டையைப் பார்த்துக் கோழியைச் சொல்வதுபோல, பழகி வரக்கூடிய திறன் என்றே நினைக்கிறேன். அதற்கு டெலோஸ்காரர்களைப்போல ஓர் உதாரணத்தை லுகுல்லஸ் காட்டவில்லை. இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான்.